மலையைத் தேர்வு செய்யுமுன் அடிவாரத்து ஊரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால ஒலிம்பிக்கை நடத்த ஊர் கிடைக்காமல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி திணறுவதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பனிச்சறுக்கு பற்றித் தமிழில் இவ்வளவு விவரமாக எழுதுகிறவர்கள் குறைவு, அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. மக்களிடம் ஓட்டுக் கேட்கப் போனதால்தான் கனடாவின் கால்கரி, போலந்தின் கிராக்கோவ், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் மாதிரியான நல்ல ஊர்களெல்லாம் கைநழுவிப் போயின என்று முடித்திருந்தீர்கள். நான் நேர் எதிராக நினைக்கிறேன். இந்த இடத்தேர்வு முறையில் உருப்படியான ஒரே காரியம் அந்த ஓட்டுதான். அது எல்லா நாட்டிலும் கட்டாயமாக வேண்டும், நம் நாட்டிலும் வேண்டும்.

நான் கருங்கல் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் மாவட்டத்தில் குளிர் என்றால் மார்கழி அதிகாலையில் பேச்சிப்பாறை அணைப் பக்கம் வீசுகிற காற்றுதான். பனியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு போட்டியை எந்த ஊரில் வைப்பது என்று முடிவெடுக்கிற கூட்டங்களில் பணிக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். குறுவட்டப் போட்டியானாலும் வருவாய் மாவட்டப் போட்டியானாலும் முதல் சண்டை இடத்துக்குத்தான். எந்தப் பள்ளியில் 200 மீட்டர் ட்ராக் போட இடம் இருக்கிறது, மாணவிகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா, நீளம் தாண்டுகிற குழிக்கு மணல் யார் அடிப்பது, பஸ் நிற்குமா என்று பேசுவோம். மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கடற்கரை ஊர். குமரியின் கடப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியை அங்கே ஆலயத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வைக்கலாம் என்று தீர்மானித்து, பங்குத்தந்தையைப் பார்க்கப் போனோம். "நான் சரின்னு சொன்னா போதாது டீச்சர், ஊர்க்கூட்டத்துல கேளுங்க" என்றார். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கூடியது. நாங்கள் விளையாட்டின் பெருமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்குமுன் ஒரு அம்மா எழுந்து, "மூணு நாளைக்கு நெத்திலிய எங்க காயப்போட?" என்று கேட்டார். அந்த மைதானம்தான் அவர்களுக்கு மீன் காயப்போடுகிற களம். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இன்னொருவர், பந்தக்காலுக்குத் தோண்டின குழிகளை நீங்கள் போனப்புறம் யார் மூடுவது என்று கேட்டார். வெளியூர்க்காரர்கள் போகிற பாதை யார் வீட்டு முற்றத்து வழியாக என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து, நெத்திலி வரத்து குறைகிற வாரத்துக்குத் தேதியை மாற்றினோம். குழி மூடும் கூலியை முன்கூட்டியே பங்குப்பேரவையிடம் கட்டினோம். அதற்கப்புறம் அந்த ஊரே போட்டியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு நடத்தியது. என் அனுபவத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்த போட்டி வேறு இல்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் 1972-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மக்கள் கேட்டார்கள். 1976 குளிர்கால ஒலிம்பிக்கை 1970-லேயே டென்வர் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் செலவு எவ்வளவு, எந்த மலைச்சரிவை வெட்டப்போகிறார்கள், போட்டி முடிந்தபின் அந்த மலை என்ன ஆகும் என்று மக்கள் துருவ ஆரம்பித்தார்கள். 1972 நவம்பரில் நடந்த ஓட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு பேர் பொதுப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டென்வர் ஒலிம்பிக்கைத் திருப்பிக் கொடுத்தது. அந்த எதிர்ப்பை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான டிக் லாம் பிறகு அந்த மாநிலத்தின் ஆளுநராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பனிச்சறுக்குத் தொழில் அங்கே அழிந்தா போனது? ஆஸ்பென், வேய்ல் (Vail) என்று உலகம் அறிந்த பனிச்சறுக்கு ஊர்கள் இன்றும் அதே கொலராடோவில்தான் இருக்கின்றன. 1976 ஒலிம்பிக்கும் நின்றுபோகவில்லை. 1964-ல் நடத்திய மைதானங்கள் தயாராக இருந்த இன்ஸ்ப்ரூக் அதை எடுத்து நடத்தியது.

எப்படி ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோடை ஒலிம்பிக்குக்கு ஒரு பெரிய நகரம் போதும். குளிர்காலத்துக்கு நகரமும் வேண்டும், மலையும் வேண்டும். ஐஸ் ஹாக்கிக்கும் ஸ்கேட்டிங்குக்கும் பெரிய அரங்குகள், பாப்ஸ்லெட், லூஜ் என்கிற சறுக்குவண்டிப் பந்தயங்களுக்கு ஐஸ் படிந்த கான்கிரீட் ஓடுபாதை, பனிச்சறுக்குத் தாவலுக்குத் தனி மேடை என்று எல்லாம் வேண்டும். மலைச்சரிவில் வேகமாகச் சறுக்கி இறங்குகிற ஆண்களின் டவுன்ஹில் பந்தயத்துக்குப் புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் குறைந்தது 800 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது விதி. நம் மகேந்திரகிரியின் உயரத்தில் ஏறத்தாழ பாதி அது. அவ்வளவு உயரம், அதில் சரியான சரிவு, அதன்மேல் பனி, பக்கத்தில் விமான நிலையம், ஆயிரக்கணக்கில் ஓட்டல் அறைகள் எல்லாம் சேர்ந்து அமைகிற இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான்.

பழைய முறையில் ஆர்வமுள்ள நகரங்கள் விண்ணப்பிக்கும், ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் கமிட்டி உறுப்பினர்கள் ரகசிய ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். சுமார் நூறு பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்த மலையின் பக்கம் குடியிருக்கப் போவதில்லை. 2002-க்கு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தேர்ந்தெடுத்ததில் உறுப்பினர்களுக்குப் பரிசுகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவும் போனது 1998 கடைசியில் அம்பலமானது. அடுத்த ஆண்டு ஆறு பேரை நீக்கினார்கள், இன்னும் சிலர் தாங்களாகவே விலகினார்கள். அதன்பின் உறுப்பினர்கள் விண்ணப்பித்த ஊர்களுக்குப் போவதையே தடை செய்தார்கள். லஞ்சத்துக்குக் கதவடைத்தார்கள், நல்லது. ஆனால் ஊர்க்காரனுக்குக் கதவு அப்போதும் திறக்கவில்லை.

திறக்காததால் என்ன ஆனது என்பதற்குத் தென்கொரியாவின் காரிவாங் மலையைச் சொல்லவேண்டும். இந்த மலையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. பியோங்சாங் 2010-க்கும் 2014-க்கும் முயன்று மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற ஊர். மூன்றாம் முறை, 2011-ல் டர்பன் நகரில் நடந்த கூட்டத்தில், முதல் சுற்றிலேயே 63 ஓட்டு வாங்கி 2018 ஒலிம்பிக்கை வென்றது. விடாமுயற்சியைப் பாராட்டவேண்டியதுதான். ஆனால் அந்த 800 மீட்டர் சரிவுக்கு அவர்கள் கைவைத்தது காரிவாங் மலைக் காட்டில். ஜோசன் அரசர்கள் காலத்திலேயே ஜின்செங் வேருக்காகக் காப்பாற்றி வைத்த காடு அது. சில நாள் பந்தயத்துக்காகப் பல்லாயிரம் மரங்களை வெட்டிச் சரிவு போட்டார்கள். முடிந்ததும் காட்டை மீட்டுத் தருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். முடிந்தது. அப்போது உள்ளூர்க்காரர்களில் பலர், வந்த கேபிள் காரையாவது விட்டுவையுங்கள், சுற்றுலாவுக்கு உதவும் என்றார்கள். காட்டுக்காகப் போராடியவர்கள் வாக்கைக் காப்பாற்றுங்கள் என்றார்கள். ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் கேபிள் கார் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. இரண்டு தரப்பும் பேசியதில் நியாயம் உண்டு. அந்தப் பேச்சு மரத்தில் கோடரி விழுவதற்கு முன்னால் நடந்திருக்கவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

2014-ல் நடத்திய ரஷ்யாவின் சோச்சி இன்னும் மோசம். கருங்கடல் ஓரத்தில் பனைமரம் நிற்கிற ஊர் அது. 2007-ல் தேர்ந்தெடுத்தபோது 12 பில்லியன் டாலர் என்று சொன்னது, சாலையும் ரயிலும் சேர்த்து 51 பில்லியன் வரை போனதாகக் கணக்குச் சொன்னார்கள். கடலோரத்து இமெரெதி தாழ்நிலத்தில் குடியிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தித்தான் அரங்குகளைக் கட்டினார்கள். சுனாமிக்கப்புறம் கடலோரத்திலிருந்து இடம்மாறிப் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். வீடு மாறுவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அது கடல் செய்த வேலை. இது மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுச் செய்த வேலை.

சோச்சியின் செலவைப் பார்த்து மிரண்டுதான் 2022-க்கு ஒவ்வொரு ஊராக விலகியது. சுவிட்சர்லாந்தின் கிராவுபுண்டன் மாநில மக்களும் மியூனிக் மக்களும் 2013-லேயே ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். கிராக்கோவில் ஏறத்தாழ 70 விழுக்காடு பேர் வேண்டாம் என்றார்கள். ஸ்டாக்ஹோம் தானாக விலகியது. ஒஸ்லோ கடைசிவரை நின்று 2014 அக்டோபரில் விலகியது. நார்வே பனிச்சறுக்கின் தாய்வீடு. அந்த மக்களுக்கு விளையாட்டு பிடிக்காமலா போயிற்று? கமிட்டி உறுப்பினர்களுக்கு என்னென்ன உபசாரம் செய்யவேண்டும் என்ற பட்டியல் அங்குள்ள பத்திரிகையில் வெளியானது. அதில் அரசரோடு ஒரு விருந்தும் இருந்தது. அதைப் படித்த வரிகட்டுகிற ஜனங்களுக்குக் கோபம் வந்தது, வரவேண்டியதுதான். மிச்சம் நின்றவை சீனாவின் பெய்ஜிங்கும் கஜகஸ்தானின் அல்மாட்டியும். 44-க்கு 40 என்ற கணக்கில் பெய்ஜிங் வென்றது. பனிச்சறுக்கு நடந்த மலைகளில் இயற்கைப் பனி மிகக் குறைவு. தண்ணீர்ப் பஞ்சமுள்ள அந்த வட்டாரத்தில் தண்ணீரை மேலேற்றி, இயந்திரத்தால் பனியாக்கிக் கொட்டினார்கள்.

இதைத்தான் உங்கள் கட்டுரை, ஓட்டு வைத்தால் கடைசியில் ஓட்டே வைக்காத நாடுகளுக்குத்தான் ஒலிம்பிக் போகும் என்று எடுத்துக்கொண்டது. நான் சொல்வது, பத்து ஊர் ஜனங்கள் ஒரே காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்றால், திருந்தவேண்டியது கேட்கிறவர்கள்தான். உண்மையில் கமிட்டி கொஞ்சம் திருந்தவும் செய்தது. புதிதாகக் கட்டாதீர்கள், இருப்பதைப் பயன்படுத்துங்கள், தேவையானால் பக்கத்து நாட்டு அரங்கைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். 2026-க்கு விண்ணப்பித்த ஸ்டாக்ஹோம், லூஜ் பந்தயத்தை லாட்வியாவின் சிகுல்டாவில் வைக்கிறோம் என்றது. அந்தப் போட்டியில் 47-க்கு 34 என்று வென்றது மிலன்–கோர்ட்டினா. இத்தாலியில் மக்கள் ஆதரவு 80 விழுக்காட்டுக்கு மேல் என்றும் ஸ்வீடனில் 55-ஐ ஒட்டித்தான் என்றும் கமிட்டியே எடுத்த கருத்துக்கணிப்பு சொன்னது. ஆக, மக்கள் மனசு கணக்கில் வர ஆரம்பித்துவிட்டது. அதை ஊட்டி வளர்ப்பதை விட்டுவிட்டு ஒழிக்கச் சொல்வது என்ன நியாயம்? (அதே கோர்ட்டினாவில், சறுக்குவண்டிப் பந்தயங்களுக்கு வெளிநாட்டு ஓடுபாதையைப் பயன்படுத்துங்கள் என்று கமிட்டி சொல்லியும் கேளாமல், லார்ச் மரங்களை வெட்டிப் புது ஓடுபாதை கட்டினார்கள். 2006 டூரின் ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஓடுபாதை அதே நாட்டில் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.)

2019-க்குப் பிறகு வந்த புது முறை எனக்குக் கவலை தருகிறது. இப்போது ஊர்கள் வெளிப்படையாகப் போட்டி போடுவதில்லை. ஒரு குழு உள்ளுக்குள் பேசிப் பார்த்து, தனக்குப் பிடித்த ஒரே பெயரைக் கொண்டுவந்து வைக்கிறது, உறுப்பினர்கள் ஆம் அல்லது இல்லை என்கிறார்கள். 2024 ஜூலையில் பாரிஸில் 2030-க்கு பிரெஞ்சு ஆல்ப்ஸும் 2034-க்கு மறுபடியும் சால்ட் லேக் சிட்டியும் அப்படித்தான் தேர்வாயின. வீண்செலவு குறையும் என்பது உண்மை. தோற்ற ஊர்கள் விண்ணப்பத்துக்கே கோடிகளைக் கொட்டுவது நின்றது. ஆனால் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மக்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி அங்கே குரல் எழும்பியும். கதவை மூடிப் பேசுகிற முறையில், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நிற்க அந்த நெத்திலிக்கார அம்மாவுக்கு நாற்காலி எங்கே?

ஓட்டு வைத்தால் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பதும் சரியில்லை. கனடாவின் வான்கூவரில் 2003 பிப்ரவரியில் ஓட்டு வைத்தார்கள். ஏறத்தாழ 64 விழுக்காடு பேர் வேண்டும் என்றார்கள், 2010-ல் ஒலிம்பிக் நடந்தது. செலவுக் கணக்கைப் பார்த்து, யோசித்து, சம்மதித்த ஊர் அது. வான்கூவர் பக்கத்துச் சைப்ரஸ் மலையில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்து கொட்ட நேர்ந்தபோதும் அந்த ஊர் போட்டியோடு நின்றது.

பனியும் இனி முன்போல் நம்பத் தகுந்ததல்ல. 1964-ல் இன்ஸ்ப்ரூக்கிலேயே பனி பொய்த்து, ஆஸ்திரிய ராணுவம் மலை உச்சியிலிருந்து பனியை வெட்டிச் சுமந்து வந்து கொட்டியது. அது அப்போது அபூர்வம். இப்போது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புவி வெப்பம் இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் முடிவில், இதுவரை நடத்திய ஊர்களில் ஜப்பானின் சப்போரோ ஒன்றுதான் மிஞ்சும் என்கிறார்கள். 2040 வாக்கில் பனி ஆட்டங்களை நடத்தத் தகுதியுள்ள நாடுகள் பத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று ஒலிம்பிக் கமிட்டியே சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் பாராலிம்பிக் மார்ச்சில் நடப்பதால் அவர்களுக்கு இளகிய பனிதான் வாய்க்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாருமில்லை, நீங்களாவது எழுதுங்கள். இடங்கள் சுருங்கச் சுருங்க, மிஞ்சுகிற சில மலையூர்களின் மேல்தான் திரும்பத் திரும்பப் பாரம் விழும். அவர்களின் சம்மதம் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும் காலம் இது.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2036 கோடை ஒலிம்பிக்கை நடத்த நாம் விருப்பம் தெரிவித்திருக்கிறோம். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 முதல் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கின்றன. லூஜ் வீரர் சிவ கேசவன் ஆறு ஒலிம்பிக்கில் இறங்கினார். பனிச்சறுக்கு வீரரான குல்மார்க்கின் ஆரிஃப் கான் 2022-ல் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர். இவர்களுக்கு நல்ல சரிவும் நல்ல ஐஸும் இங்கேயே கிடைக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். 2025 பிப்ரவரியில் பனி இல்லாமல் குல்மார்க் போட்டியைத் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய ஐஸ் அரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. மறுபடி 2025-ல்தான் திறந்தார்கள். அதே விளையாட்டில் பனிச்சறுக்கு நடந்த ஔலி, உத்தராகண்டின் ஜோஷிமட் ஊருக்கு மேலே இருக்கிறது. 2023 ஜனவரியில் அந்த ஜோஷிமட்டில்தான் வீட்டுச் சுவர்கள் வெடித்து மக்கள் வெளியேறினார்கள். அந்த மலைமேல் இன்னும் என்ன கட்டலாம் என்பதை டெல்லியில் இருக்கிறவர்கள் மட்டும் முடிவு செய்யலாமா?

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அந்த மலையின் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்களால் அதைச் செய்ய முடிந்தால் ஔலிக்காரர்களாலும் முடியும்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. இனயத்தில் பெரிய துறைமுகம் என்று 2016-ல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள் கொதித்தன. பின்னர் இடம் கோவளம்–கீழமணக்குடிக்கு மாறியது, அங்கேயும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். வேலை கிடைக்கும், துறைமுகம் வரட்டும் என்றவர்களும் மாவட்டத்தில் உண்டு. என் வீட்டிலேயே இரண்டு கருத்தும் இருந்தது, சாப்பிடும்போதெல்லாம் வாக்குவாதம். எந்தப் பக்கம் நியாயம் என்று வழக்காட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒரு கேள்வித்தாளை எங்கள் கையில் கொடுத்து, வரைபடத்தையும் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு மனக்கசப்பு வந்திருக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் குல்மார்க்குக்கோ ஔலிக்கோ போனால், பதக்கப் பட்டியலோடு இதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: செயற்கைப் பனிக்குத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது, அந்த ஓடையின் கீழ்ப்பகுதியில் யார் விவசாயம் செய்கிறார்கள், போட்டி முடிந்தபின் அரங்கின் மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், கிராம சபையில் இதைப் பற்றித் தீர்மானம் போட்டார்களா. போட்டிருந்தால் அந்தத் தீர்மானத்தின் படத்தையும் விளையாட்டுப் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.